பூட்டில்லாத அலமாரி

வடலூர் நான்கு ரோட்டுச் சந்திப்பில் ஒரு தேநீர்க் கடை. ஒரு நாள் மாலை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, எனக்குப் பழக்கமான ஓர் இளைஞன் வந்து, கையிலிருந்த தகர டப்பாவை பெஞ்சின்மீது வைத்தான். டிபன் பாத்திரத்தைவிடச் சிறியது. பக்கவாட்டில் காற்றுப் போக நாலு துளை. ஒரு துளையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"நூல்நிலையம், அண்ணே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை. அதில் நகத்தளவு ஒரு மெமரி கார்டு. பக்கத்தில் ஒரு பவர்பேங்க். அவ்வளவுதான்.

"உங்க செல்லை எடுங்க அண்ணே. வைஃபையைப் போடுங்க" என்றான். போட்டேன். 'நூலகம்' என்று ஒரு பெயர் தெரிந்தது. தொட்டேன். அவன் சொன்னபடி ஒரு பக்கத்தைத் திறந்தேன். வரிசையாகப் புத்தகங்களின் பெயர்கள். என் போனில் ரீசார்ஜ் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. இருந்தும், டம்ளரில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் ஒரு முழு நாவல் என் போனுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. காசு இல்லை, கையெழுத்து இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை.

அதே பெஞ்சில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்: "எல்லாந்தான் செல்லுலேயே இருக்கே, சார். உலகமே உள்ளங்கையில. அப்புறம் இந்த டப்பா எதுக்கு? தம்பிக்கு வேற வேலை கிடைக்கலையா?"

பையன் முகம் சுண்டிப் போயிற்று. டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டான். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது தப்பு. அந்தத் தப்புக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன். அந்தப் பெரியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதையே அவரைவிட உயர்ந்த நாற்காலிகளில் இருப்பவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

'எல்லாம் செல்லில் இருக்கிறது' என்கிறார்கள். எல்லாம் என்றால் எது? சமுத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது. அதற்காகக் கிணறு வெட்ட வேண்டாம் என்று எவனாவது சொல்வானா? நெய்வேலி வட்டாரத்துக் கதையே ஒரு கிணற்றுக் கதைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டப் போனார். தண்ணீரோடு கறுப்பாய் ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அந்த மண்ணைச் சுட்டுக் கிடைக்கும் மின்சாரம் இன்று பல மாநிலங்களுக்குப் போகிறது. அந்த மண்ணைக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்த கிராமத்துப் பிள்ளைகளிடம் போய், 'எல்லாம் செல்லில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்' என்று சொல்கிறோம். வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பும்போது டேட்டா தீர்ந்திருக்கும். மிச்சம் இருந்தாலும், அந்தக் குழந்தை தேடுவதற்கு முன்பே அந்த யந்திரம் தனக்கு வேண்டியதைக் காட்டத் தொடங்கிவிடும். இரண்டு நிமிஷ ஆட்டம், ஒரு நிமிஷச் சண்டை, அரை நிமிஷ விளம்பரம். புத்தகம் தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளாது. ஒருவன் தேடிப் போய்க் கேட்டால்தான் வரும். கேட்பதற்கு முன்னாலேயே இரைச்சல் போடுகிற ஓர் இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு, 'வைத்திருக்கிறோமே!' என்று கணக்குக் காட்டுவது நேர்மையல்ல.

இதாவது சாதாரண நாளின் கதை. சாதாரணமில்லாத நாட்களைக் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் இந்தக் கரையில் ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வயலில் படுத்தன. ஊர் ஊராக இருட்டு. போன் வெறும் பிளாஸ்டிக் துண்டு. 2015 நவம்பரில் மழை வெள்ளம். மறுபடியும் அதே கதை. கோபுரம் விழுந்தால் உள்ளங்கையில் இருந்த உலகம் எங்கே போயிற்று என்று அந்தப் பெரியவர் சொல்லட்டும். இந்தத் தகர டப்பாவுக்குக் கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம். பவர்பேங்க் இருந்தால் சில மணி நேரம் ஓடும். சின்னதாக ஒரு சூரியத் தகடு இருந்தால் அந்த பவர்பேங்கும் மறுபடி நிறையும். பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்ட ஜனங்களுக்கு நடுவே அதை வைத்தால், குழந்தைகளுக்குக் கதையும் பெரியவர்களுக்கு முதலுதவிக் குறிப்பும் கொடுத்துக்கொண்டிருக்கும். பசிக்கு அது சோறாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் ஒரு கதையின் விலை தெரியும்.

இந்தப் பெட்டி ஒன்றும் மாயமல்ல. வாசகர்களுக்கு அதை விளக்கிவிடுகிறேன். உங்கள் வீட்டு வைஃபை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சுற்றியிருக்கும் போன்களோடு பேசுவது. மற்றொன்று, வெளியுலகத்தோடு பேசுவது. இந்தப் பெட்டி முதல் வேலையை மட்டும் செய்கிறது. வெளியுலகம் அதற்கு இல்லை. தன் வயிற்றில் இருப்பதை மட்டும் பரிமாறும். 2011-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் டார்ட்ஸ் இப்படியொரு பெட்டி செய்து, அதற்கு 'பைரேட் பாக்ஸ்' என்று பெயர் வைத்தார். கடற்கொள்ளைக்காரன் பெட்டி! அந்தப் பெயரோடு எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடியும்? அமெரிக்காவிலேயே ஜேசன் கிரிஃபி என்ற நூலகர் 2012-ல் அதைச் செப்பனிட்டு 'லைப்ரரி பாக்ஸ்' ஆக்கினார். அவர்கள் பயன்படுத்தியது ஒரு சின்ன ரௌட்டரும் ஒரு பென் டிரைவுந்தான். அதே 2012-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்பதற்கென்று ராஸ்பெரி பை என்ற மலிவான பலகை வெளிவந்தது. வடலூர்ப் பையனுடைய டப்பாவில் இருப்பது அதுதான். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். ஒரு கல்யாணத்தில் நுழைவாயில் அலங்காரத்துக்கு ஆகிற செலவில் இப்படிப் பல பெட்டிகள் செய்யலாம்.

கொள்ளளவு என்ன? பக்கம் பக்கமாகப் படம் பிடித்த பழைய நூல் ஒன்று முப்பது மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 64 ஜிகாபைட் கார்டு ஒன்றில் சுமார் 2000 நூல்கள். எழுத்தாகத் தட்டச்சு செய்த நாவலானால் ஒன்று ஒரு மெகாபைட்கூட இராது. அப்போது ஆயிரக்கணக்கு பத்தாயிரக்கணக்காகும். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த மொத்தப் புத்தகமும் அந்த நகத்தளவு கார்டில் அடங்கிவிடும்; இடமும் மிஞ்சும்.

அந்த நூலகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மூன்று அலமாரிகள் இருந்தன. இரண்டு திறந்திருக்கும். மூன்றாவதற்குப் பூட்டு. கண்ணாடிக் கதவு வழியே உள்ளே இருக்கும் நாவல்களின் முதுகெலும்பை மட்டும் படிக்கலாம். சாவி எங்கே என்று கேட்டேன். "பெரிய புத்தகமெல்லாம் உனக்கெதற்கு? கிழிந்தால் யார் பொறுப்பு?" என்றார் அங்கிருந்தவர். இரண்டு வருஷம் அந்தக் கண்ணாடியில் மூக்கைப் பதித்துக்கொண்டு நின்றேன். பிற்பாடு கதவு திறந்தபோது, பாதிப் புத்தகங்களைக் கரையான் படித்து முடித்திருந்தது. அவர் கெட்டவரல்ல. ஒரு புத்தகம் தொலைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. புத்தகம் படிக்கப்படாமல் போனால் யார் சம்பளத்திலும் பிடிக்க மாட்டார்கள்! அந்த விதியை எழுதியவன் மீதுதான் என் கோபம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்குப் பல்கலைக்கழகமாக இருந்திருக்க வேண்டியது அந்த மூன்றாவது அலமாரி.

பூட்டை எதிர்த்து நம்மவரே ஒருவர் ஆயுள் முழுதும் போராடினார். இங்கிருந்து அதிக தூரமில்லை, சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்து. அவற்றில் முதலாவதே புத்தகம் உபயோகத்துக்காக இருக்கிறது என்பது. அலமாரிக்கு அழகாக அல்ல, கணக்குக்காக அல்ல. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு காரியம் செய்தார். மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, கிராமம் கிராமமாக ஓட்டினார். 'தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறதே, மன்னார்குடிக்கு ரயில் இருக்கிறதே, போய்ப் படித்துக்கொள்ளட்டும். மாட்டு வண்டி எதற்கு?' என்று அன்றைக்கும் எந்தத் திண்ணையிலாவது ஒரு பெரியவர் கேட்டிருப்பார். பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். வாசகன் புத்தகத்தைத் தேடி வருவதற்கு முன்னால், புத்தகம் வாசகனைத் தேடி ஒரு தடவையாவது போக வேண்டும். தகர டப்பா அந்த மாட்டு வண்டியின் பேரன். தீனி குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. இரண்டும் அருமையானவை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி அங்கே போய்ப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்ப முடியுமா? 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி, அவளுடைய அப்பா கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலாகிறது. வரி வீடு தேடிப் போய் வசூலாகும்போது, புத்தகம் மட்டும் ஏன் வீட்டருகே போகக் கூடாது?

இனி என் சொந்த ஜாதிக்காரர்களிடம் வருகிறேன். எழுத்தாளர்களைத்தான் சொல்கிறேன். இந்த டப்பாவைப் பற்றி நண்பர்கள் சிலரிடம் சொன்னேன். "ஐயோ, திருட்டுக்கு வழியல்லவா?" என்று அலறினார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது; அதை மறைக்க மாட்டேன். புத்தகக் கண்காட்சியில் ஒரு நாவல் வெளியான மறுவாரமே அதைப் படம் பிடித்து, டெலிகிராமில் வாரி இறைப்பதைச் சேவை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சேவையல்ல, ஏழை எழுத்தாளனின் சட்டைப் பையில் கை விடுவது. அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஆனால் ஐயா, திருடுகிறவனுக்கு இந்த டப்பா எதற்கு? ஓர் இரவில் உலகம் முழுதும் அனுப்ப அவனுக்கு வழி இருக்கும்போது, முப்பது நாற்பது அடிக்கு மேல் நன்றாக எட்டாத ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் தேநீர்க் கடைக்கு வருவானா? கத்தியால் குத்துகிறார்கள் என்று காய்கறி நறுக்க அரிவாள்மணை வேண்டாமென்று சொல்வது போல இருக்கிறது நம் பயம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், இப்போதைய நிலையில், ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கிறது. புதுமைப்பித்தன் மறைந்தது 1948. கு. ப. ராஜகோபாலன் 1944. கல்கி 1954. இவர்கள் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் இன்று ஊர்ச் சொத்து. பாரதிக்கு அறுபது ஆண்டுகூடக் காத்திருக்கவில்லை. அவருடைய எழுத்துரிமையைச் சென்னை சர்க்கார் 1949-ல் வாங்கிப் பின்னர் ஜனங்களுக்கே கொடுத்துவிட்டது. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம் பதிப்புகள் குவிந்திருக்கின்றன. நம் காலத்து எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுத்த புத்தகங்களைக் 'கணியம்' நண்பர்கள் மின்னூலாக்கித் தருகிறார்கள். ஒரு பைசாத் திருட்டு இல்லாமலே டப்பாவை நிரப்பிவிடலாம். நிரப்பத்தான் ஆள் இல்லை.

நகல் எடுப்பதை நாம் பாவமாக நினைக்கத் தொடங்கியது அண்மையில்தான். ஓலைச் சுவடிக்கு ஆயுள் சில நூறு வருஷம். செல் அரிக்கும், பூச்சி தின்னும். எவனோ ஒருவன் குனிந்து உட்கார்ந்து எழுத்தாணியால் நகல் எடுத்தான். அந்தச் சுவடி பழசானதும் அவன் பேரன் நகல் எடுத்தான். சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது அப்படித்தான். நகல் இல்லாதது அழிந்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. நெருப்பு வைத்தவனுடைய பலம் அதுதான்: எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. ஈழத்துத் தமிழர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் அவர்கள் செய்தது. ஆயிரம் ஊரில் ஆயிரம் டப்பாக்களில் இருக்கும் புத்தகத்தை எந்தத் தீக்குச்சி எரிக்கும்?

தீக்குச்சிகூட வேண்டாம். 2009-ல் அமேசான் கம்பெனி, தன் கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கியவர்களிடமிருந்தே ஆர்வெல்லின் '1984' நாவலை, தூரத்திலிருந்து ஒரே கட்டளையில் அழித்தது. விற்றவனுக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் வாசகனின் அலமாரிக்குள் கைவிட அவர்களால் முடியும் என்று தெரிந்துவிட்டதே! 'எல்லாம் செல்லில் இருக்கிறது' என்று சொல்லும் பெரியவரே, அந்த 'எல்லாம்' உங்களுடையது என்று யார் சொன்னது? வெளியுலகத்தோடு பேசாத டப்பாவில் மட்டுமே, வெளியிலிருந்து எவனும் கை விட முடியாது.

டப்பாவுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. மின்சாரம் திடீரென்று போனால் கார்டு கெட்டுப்போகும். கூடவே ஒரு நகல் கார்டு வைத்திருக்க வேண்டும். புதிய நூல்களை யாராவது அவ்வப்போது ஏற்ற வேண்டும். கைவிட்டால் ஒரே வருஷத்தில் அது இன்னொரு பூட்டிய அலமாரி. ஆகவே, இதை ஒரு பெருந்திட்டமாக்கி, டெண்டர் விட்டு, ரிப்பன் வெட்டி, பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து, மறுநாள் மறந்துபோகும் யோசனை எவருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். எனக்கு வேண்டியது சின்னது. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு டப்பா. அதற்குப் பொறுப்பாக, அந்த ஊரிலேயே படித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஓர் இளைஞன். டப்பா தொலைந்தால் அவன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மாதம் எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். நெய்வேலியில் 1998-ல் தொடங்கிய புத்தகக் கண்காட்சிக்கு ஜனங்கள் திரள்வதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கண்காட்சி சில நாள். மிச்ச நாளுக்கு, நிலம் கொடுத்த கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வைக்க அந்தக் கம்பெனியால் முடியாதா? அது அவர்களுடைய தர்மமல்ல, கடன்.

வடலூரில் தர்மசாலை இருக்கிறது. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். அங்கே சோறு கேட்டு வருகிறவனிடம் 'நீ யார், என்ன ஊர், அட்டை இருக்கிறதா?' என்று கேட்பதில்லை. 'ஊரில்தான் நிறைய ஹோட்டல் இருக்கிறதே' என்று எவரும் அதை மூடச் சொன்னதும் இல்லை. அடுப்பு தானாக எரியவில்லை. தினம் ஒருவன் விறகு வைக்கிறான். அறிவுப் பசிக்கும் அதே நியாயந்தான்.

பேச்சு போதும். பத்து வருஷங்களாக அச்சில் இல்லாத என் முதல் நாவலின் உரிமை என்னிடம்தான் இருக்கிறது. எந்தப் பதிப்பாளரும் அதைக் கேட்டு வரவில்லை. எந்த வாசகனுக்கும் அது கிடைக்கவில்லை. அதைப் பூட்டிவைத்துக்கொண்டிருந்த மூன்றாவது அலமாரி நானே என்பது, அந்தப் பையன் டப்பாவை மூடிக்கொண்டு போன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மறுவாரம் அவனைத் தேடிப் போய் அதைக் கொடுத்துவிட்டேன். "யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்னு எழுதிக் கொடுங்க அண்ணே, வாய்ச்சொல் போதாது" என்றான். எழுதிக் கொடுத்தேன்.

அச்சில் இல்லாத நூல்களை வைத்துக்கொண்டிருக்கும் எழுத்தாள நண்பர்களே, உங்கள் சாவி எங்கே?